லேத்துக்கு வைக்கும் சந்தனம்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியத்துக்கு மேல் கோவையின் ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கத்துச் சந்துகளில் நடந்தால் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறும். பட்டறைகள் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு லேத்தின் படுகையிலிருந்தும் சக்கின் இடுக்குகளிலிருந்தும் கரைந்து வரும். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்திறங்கிய பனியன் வேஸ்ட் கறுத்துக் கறுத்துக் குவியும். தரையில் சிதறிக் கிடந்த இரும்புச் சுருளைக் கூட்டிப் பழைய இரும்புக் கடைக்கு மூட்டை கட்டுவார்கள். சாயங்காலத்துக்குள் ஸ்பேனர், வெர்னியர், மைக்ரோமீட்டர், டிரில் பிட், ஆலன் கீ என்று ஒன்று விடாமல் துடைத்து, பலகை மேல் விரித்த துணியில் வரிசையாக வைத்துவிடுவார்கள்.

மறுநாள் காலையில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், பொரி, கடலை, வெண்பூசணி. லேத்தின் தலைப்பகுதியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். பூஜை முடிந்தால் யாரும் மெஷினைத் தொடக் கூடாது. இரவு பகலாக மூன்று ஷிப்ட் ஓடுகிற பட்டறையிலும் அன்றைக்கு மெயின் ஸ்விட்ச் கீழேதான் இருக்கும். வருஷத்தில் வேறெந்த நாளிலும் கேட்காத அமைதி அந்தச் சந்துகளில் அன்று கேட்கும்.

இரும்புக்கு எதற்கு இந்த மரியாதை? இதைக் கேட்டவர்கள் உண்டு, கடுமையாகவே கேட்டார்கள். பெரியார் குடிஅரசில் சரஸ்வதி பூஜையைப் பற்றி எழுதினார். அண்ணா 1940களில் திராவிட நாடு இதழில் ஆயுத பூஜையை எடுத்துக்கொண்டு ஒரு நீண்ட பட்டியலே போட்டார். ரயில், மோட்டார், மின்சாரம், தந்தி, கப்பல் என்று நம் வாழ்க்கையை மாற்றிய பொருள் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்தவர்கள் கருவிக்குப் பூஜை போடாத நாட்டார். பூஜை போட்ட நாமோ அவர்கள் கண்டதை வாங்கி, அதற்கே பொட்டு வைக்கிறோம். அவர் வாதத்தின் சாரம் இது. முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் இந்தக் கேள்வியின் கூர் மழுங்கவில்லை. ஆயுத பூஜையைப் பற்றி நேர்மையாகப் பேச விரும்புகிற எவரும் இதைச் சுற்றிக்கொண்டு போக முடியாது.

கோவை இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர். பூஜையும் போட்டு, புதிதாகவும் செய்துகொண்டிருக்கிற ஊர் அது. ஆனால் பூஜை போட்டதால்தான் புதிதாகச் செய்ய முடிந்தது என்று யாராவது சொன்னால் வரலாறு ஒப்புக்கொள்ளாது.

1888இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. சுற்றுவட்டாரத்துக் கரிசலில் பருத்தி விளைந்தது. 1932இல் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியதும் மில்கள் மளமளவென்று பெருகின. மில்லுக்கு உதிரிப் பாகம் வேண்டும், உடைந்ததைச் செப்பனிட ஆள் வேண்டும். அதற்காகப் பட்டறைகள் முளைத்தன. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வருவது தடைப்பட்டபோது, அதுவரை சீமையிலிருந்து வந்த பாகங்களை இங்கேயே வார்க்க வேண்டிய கட்டாயம் வந்தது. மில்லுக்கு வெளியே இன்னொரு தேவை காத்திருந்தது. கொங்குச் சீமையில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். கவலை ஏற்றத்தில் மாடு முன்னும் பின்னுமாய் நடந்து இறைத்த கிணறுகள் அவை. கிணறு ஆழமாக ஆக, மாட்டால் முடியவில்லை. மோட்டாரும் பம்பும் இந்த ஊரின் தொழிலானதற்குக் காரணம் வறட்சிதான்.

1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார்கள். கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடுவின் கல்வி தொடங்கிய இடம் ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த வண்டியைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதை அவரிடமே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டார், பிறகு பூட்டினார். பிரித்துப் பூட்டும் அந்தப் பழக்கம்தான் இந்த ஊரின் ஆராய்ச்சி முறையாக நெடுநாள் இருந்தது. ஆக, மண், மின்சாரம், வறட்சி, போர், பிரித்துப் பார்க்கும் கை. இந்தக் கணக்கில் பொரிகடலைக்கு இடமில்லை. அண்ணா சொன்னது இந்த அளவில் சரி.

ஆனால் பூஜை என்பது கண்டுபிடிப்பதற்கான வழி என்று லேத்துக்குச் சந்தனம் வைக்கிற பட்டறைக்காரர் எப்போதாவது நினைத்தாரா? அவரைக் கேட்டால், "சோறு போடுதுங்களே" என்பார். இரண்டே சொல். அதில் வேண்டுதல் இல்லை, நாளைக்கு இதைத் தா என்ற பேரம் இல்லை. நடந்து முடிந்த ஒரு வருஷத்தில் யாருக்கு என்ன பங்கு என்று கணக்குப் பார்க்கிற சொல் அது.

அந்தக் கணக்கைத் தமிழ்நாட்டுத் தத்துவம் வேறொரு மொழியில் போட்டு வைத்திருக்கிறது. சைவ சித்தாந்தம் படிக்கத் தொடங்குகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது பானையின் உவமை. ஒரு பானை வனைவதற்கு மூன்று காரணங்கள் வேண்டும். மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பானை இல்லை. உலகம் உண்டானதை விளக்க எடுத்த உவமை இது. மாயை மண், இறைவனின் சக்தி சக்கரம், இறைவன் குயவன். இறைவனுக்கே துணைக்காரணம் உண்டு என்று கணக்குத் தீர்த்த தத்துவம், ஒரு பட்டறை முதலாளிக்கு மட்டும் விலக்குக் கொடுக்குமா?

இன்றைய தொழில் உலகம் நிமித்த காரணத்தை மட்டுமே பேசப் பழகியிருக்கிறது. ஸ்டார்ட்அப் என்றதும் மேடையில் ஒரு நிறுவனர் நிற்பார். அவருடைய கனவு, அவருடைய துணிச்சல், அவர் தூங்காத இரவுகள். அட்டைப்படம் குயவனுக்கே. சக்கரத்தைச் செதுக்கிய தச்சன் யார், மண்ணைக் குழைத்து மிதித்த கால் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. நிறுவனரின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. குயவன் இல்லாமல் மண் தானாகப் பானையாகாது என்று சித்தாந்தமே வலியுறுத்துகிறது. மூன்றையும் எண்ணு என்பதுதான் அதன் பாடம்.

சித்தாந்தம் இன்னும் ஒரு படி உள்ளே போகிறது. இறைவன் உயிர்களுக்குத் தருவது நான்கு என்பார்கள். தனு, கரணம், புவனம், போகம். உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி. இதில் கரணம் என்பது வெளியில் இருக்கும் ஸ்பேனரைக் குறிக்கவில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய உட்கருவிகளைக் குறிக்கிறது. நம்முடைய அறிவு என்று நாம் மார்தட்டிக்கொள்கிற புத்தியும் அங்கே ஒரு கருவி. அதுவும் கொடுக்கப்பட்டது, அதுவும் தானாக இயங்காது. அப்படியானால் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவரின் மூளையும் அந்தப் பலகையில் வெர்னியருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஆயுதமாகிறது.

தமிழ்நாட்டில் சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வருவதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். ஒரே பலகையில் பிள்ளையின் கணக்குப் புத்தகமும் அப்பாவின் சுத்தியலும் கிடக்கின்றன. அடுக்களையில் அம்மிக்கும் அருவாமனைக்கும் அதே குங்குமம். மூளை உழைப்பு உயர்வு, கை உழைப்பு தாழ்வு என்று வருஷம் பூராவும் பார்க்கிற சமூகம் அந்த ஒரு நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இரும்பைத் தொட்டுப் பிழைத்தவர்களைச் சாதிப் படிக்கட்டில் எங்கே நிறுத்தினார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது. மீதி 364 நாள் என்ன ஆகிறது என்ற கேள்வி உடனே எழும். எழத்தான் வேண்டும்.

இந்தக் கேள்வியைச் சங்க காலத்திலேயே ஒளவையார் எழுப்பிவிட்டார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனபோது, தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். ஒளவை பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. இங்கே இருப்பவை மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு கிடக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது பொருள். புகழ்வது போலச் சொல்லி உண்மையைப் போட்டு உடைத்த பாட்டு. மாலை போட்ட ஆயுதத்தைவிட முறிந்த ஆயுதம் மேல் என்கிறது. ஆயுதத்துக்கு அலங்காரம் மட்டும் செய்து நிறுத்திக்கொள்கிற எவரும் தொண்டைமானின் கொட்டிலில்தான் நிற்கிறார்.

எனவே சந்தனத்தை எடைபோட ஒரே வழி, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பது. கோவையில் சில இடங்களில் நடந்திருக்கிறது.

பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவுக்கு நான்கு மகன்கள். குடும்பச் சொத்தைப் பிரித்தபோது நால்வரும் ஐந்து பங்காகப் போட்டார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு. 1926இல் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறக்கட்டளை அப்படித்தான் பிறந்தது. கூடப் பிறக்காத ஒரு சகோதரனைப் போல அறத்துக்குப் பங்கு வைத்தார்கள் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். இதில் கவனிக்க வேண்டியது தொகை அல்ல. லாபம் வந்த பிறகு மனமுவந்து எடுத்துக் கொடுப்பது தானம். பாகப் பிரிவினையிலேயே பங்குதாரராக உட்கார வைப்பது வேறு. முன்னதில் கொடுப்பவர் மேலே இருக்கிறார், பின்னதில் பக்கத்தில் இருக்கிறார். அந்த ஐந்தாம் பங்கின் கீழ் வந்த தொழிற்கூடத்தில் பம்பும் மோட்டாரும் வார்ப்பும் செய்தார்கள். மாணவர்கள் அங்கேயே கை பழகினார்கள். பட்டறையின் வருமானம் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று, பள்ளிக்கூடத்தில் பழகிய கை பட்டறைக்குத் திரும்பிற்று. அங்கே தொழில் பழகியவர்கள் வெளியே வந்து சொந்தமாக லேத் போட்டார்கள். கோவையின் பட்டறைப் பெருக்கத்துக்கு இந்தச் சுழற்சி எவ்வளவு தண்ணீர் ஊற்றியது என்பதை அந்தச் சந்துகளில் விசாரித்தாலே தெரியும்.

இன்னொன்று, சிட்ரா. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், 1956. ஒருவரோடு ஒருவர் போட்டிபோடும் மில் முதலாளிகள் ஒன்றுகூடி, பொதுவில் ஒரு ஆராய்ச்சிக்கூடம் வைத்தார்கள். பஞ்சின் தரம், நூலின் வலு, மெஷினின் வேகம் எல்லாவற்றையும் அங்கே சோதிக்கலாம், கண்டதை எல்லாரும் பகிரலாம். பம்பு செய்கிறவர்கள் பின்னால் சிட்டார்க் என்ற சோதனைக்கூடத்தை இதே வழியில் அமைத்தார்கள். ஒரு சின்னப் பட்டறையால் தனியாக வாங்கவே முடியாத சோதனைக் கருவியில் அதன் பம்பும் ஓடிப் பார்க்கப்படுகிறது. வியாபாரத்தில் வெட்டிக்கொள்பவர்கள் கருவியைப் பொதுவில் வைக்கிறார்கள். பூஜைப் பலகையை ஊர் அளவுக்கு நீட்டினால் இப்படித்தான் இருக்கும்.

கிரைண்டரின் கதை இதைவிட அழகானது. கோவையில் வெட் கிரைண்டரை 1955இல் செய்தவர் என்று பி. சபாபதியைச் சொல்கிறார்கள். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கை சுற்ற வேண்டும். இட்லி மாவுக்கு ஒரு மணி நேரம், கூட்டுக் குடும்பம் என்றால் இன்னும் கூட. தோள்பட்டை இற்றுப்போகும் வேலை அது, பெண்களின் தோள்பட்டை. கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நின்ற இடத்தில் நிற்கும். எது சுற்ற வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதைத் தலைகீழாக்கியதில்தான் கை விடுபட்டது. இதற்குப் பெரிய விஞ்ஞானம் வேண்டியிருக்கவில்லை. ஆட்டுக்கல்லுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் தோளை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு சாய்க்கும் கிரைண்டர் வந்தது, மேஜை மேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் வேறு வேறு பட்டறையில் நடந்தது. கடைசியில் புவிசார் குறியீடு கிடைத்தபோது அது எந்த ஒரு ஆளின் பேரிலும் வரவில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று ஊர் பேரில் வந்தது. காப்புரிமை குயவனைக் குறிக்கும். புவிசார் குறியீடு மண்ணையும் சக்கரத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. சட்டப் புத்தகத்துக்குள் மூன்று காரணமும் ஒன்றாக நுழைந்த இடம் என்றே இதைச் சொல்லலாம்.

இதே ஊரில், லேத்துக்குச் சந்தனம் வைக்கிற இதே மண்ணில், அருணாசலம் முருகானந்தத்தைப் பேய் பிடித்தவர் என்று நினைத்தார்கள்.

1998இல் கல்யாணம் ஆன புதிதில், மனைவி மாதவிலக்குக்குப் பழந்துணியை ஒளித்து எடுத்துப் போவதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அந்த யோசனை தொடங்கிற்று. கடையில் விற்கும் நாப்கின் ஏன் இவ்வளவு விலை? பஞ்சை வைத்துத் தானே செய்து பார்த்தார், சரிவரவில்லை. சோதித்துச் சொல்ல மனைவியும் தங்கைகளும் தயங்கினார்கள், மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தார். கடைசியில் பந்தின் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பி இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே நாப்கின் அணிந்து நடந்தார். ஊர் ஒதுக்கியது. மனைவி பிறந்த வீட்டுக்குப் போனார், தாயும் விட்டுப் போனார். மரத்தில் கட்டிப் பேயோட்ட வேண்டும் என்று ஊரில் பேசியதாக அவரே பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். உள்ளே இருப்பது பஞ்சு அல்ல, மரக்கூழ் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோடிக்கணக்கில் விலை சொன்ன வெளிநாட்டு மெஷினின் வேலையைச் செய்யும் எளிய மெஷின் ஒன்றைச் சில வருஷங்களில் அவர் உருவாக்கினார். பெரிய கம்பெனிகளுக்கு விற்காமல் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார். மனைவி திரும்பி வந்தார். 2016இல் பத்மஸ்ரீ. அவருடைய மெஷினை ஒரு வட இந்தியக் கிராமத்துப் பெண்கள் இயக்கும் ஆவணப்படம் 2019இல் ஆஸ்கர் வென்றது.

கருவியை வணங்குகிற சமூகம் ஏன் இந்தக் கருவி பிறக்கும்போது அடையாளம் காணவில்லை? ஏற்கெனவே சோறு போடுகிற கருவிக்குத்தான் நாம் பொட்டு வைக்கிறோம். இன்னும் பிறக்காத கருவி அசிங்கமாக, பைத்தியக்காரத்தனமாக, தீட்டாகக்கூடத் தெரிகிறது. அண்ணாவின் கேள்வியின் முள் தைக்கிற இடம் இதுதான். வணங்குவது பழகியதை. கண்டுபிடிப்பதோ பழகாதது. நாப்கின் விஷயத்தில் தீட்டு என்ற மத நம்பிக்கையே குறுக்கே நின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சந்தனமும் மதம், தீட்டும் மதம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விடத் துணிய வேண்டும். சித்தாந்தத்தின் சொல்லிலேயே சொன்னால், உலகம் படைக்கப்பட்டது இறைவனுக்காக அல்ல, உயிர்களின் பொருட்டு. பானை யாருக்காக என்ற கேள்விக்கு முருகானந்தத்திடம் பதில் இருந்தது. அவரைக் கட்டி வைக்க நினைத்தவர்களிடம் சடங்கு மட்டும்தான் இருந்தது.

இப்போது பீளமேட்டு டைடல் பார்க் பக்கமும் சரவணம்பட்டிப் பக்கமும் ஆயுத பூஜை நடக்கிறது. லேப்டாப் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு, அறை வாசலில் தோரணம், எல்லாருக்கும் ஒரு பொட்டலம் பொரி. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பலர் லேத் பட்டறைக்காரர்களின், பவுண்டரித் தொழிலாளர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு இயல்பாகவே ஒரு சந்தேகம் வரும். நம் ஆயுதம் எது? லேப்டாப்பா? அது மூன்று வருஷத்தில் மாறிவிடும். உண்மையான கருவி நிரல். அது ஓடுவதோ வேறு நாட்டில், முகம் தெரியாத ஒரு கட்டடத்தில். சந்தனத்தை எங்கே வைப்பது?

இதை விளையாட்டுக் கேள்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு ஒரு ஸ்டார்ட்அப் எழுதும் நிரலில் அதன் சொந்த வரிகள் கொஞ்சம்தான். அடியில் லினக்ஸ், அதற்கு மேல் யார் யாரோ இலவசமாக எழுதிப் பொதுவில் வைத்த நூற்றுக்கணக்கான நிரல் தொகுப்புகள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது உலகம் திடுக்கிட்டது. இணையத்தில் பணம் போகும் வழியையும் கடவுச்சொல்லையும் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் இருந்த ஓட்டை அது. பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் அதை நம்பித்தான் வியாபாரம் செய்துகொண்டிருந்தன. அந்த நிரலைப் பராமரித்தவர்களுக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டாலர். முழு நேரம் வேலை செய்ய ஒரே ஒரு ஆள். உலகத்தின் வாசற்பூட்டை ஒரு கைப்பிடி ஆட்கள் சும்மா துடைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள், உள்ளே குடியிருந்தவர்களுக்கு அவர்கள் பேர்கூடத் தெரியாது. ஓட்டை வெளியே தெரிந்த பிறகுதான் லினக்ஸ் அறக்கட்டளை மூலமாகப் பெரிய கம்பெனிகள் பணம் ஒதுக்கின.

ஆவாரம்பாளையத்துப் பட்டறைக்காரர் ஒரு விஷயத்தில் அந்தக் கம்பெனிகளைவிடத் தெளிவானவர். தன் லேத்தின் எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துத் துடைத்து, இது இல்லாமல் என் பிழைப்பு இல்லை என்று பார்த்து வைக்கிறார். பூஜைக்கு முந்தின நாள் துடைப்பு, பார்க்கப்போனால் ஒரு முழுத் தணிக்கை. நிரல் எழுதுகிற கம்பெனியும் அன்றைக்கு ஒரு காரியம் செய்யலாம். தான் நின்றுகொண்டிருக்கிற பொது நிரல்கள் எவை என்று ஒரு பட்டியல் எடுத்து, அவற்றைப் பராமரிப்பவர் யார் என்று பார்த்து, வருமானத்தில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்று வேண்டாம், நூற்றில் ஒன்றையாவது அங்கே அனுப்பலாம். சந்தனம் அவ்வளவு தூரம் போய்ச் சேரும்.

பக்கத்தில் இருக்கிற துணைக்காரணமும் உண்டு. 2025 தொடக்கத்தில், கோவையில் இயங்கும் கோவை.கோ என்ற மென்பொருள் நிறுவனம், தன்னோடு மூன்று வருஷம் உழைத்தவர்களுக்கு ஆறு மாதச் சம்பளம் என்று முன்பே கொடுத்திருந்த வாக்கின்படி, 140க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய் போனஸ் அறிவித்தது. நாடு முழுக்கச் செய்தியானது. சந்தோஷம். ஆனாலும் இது செய்தியாகிற அளவுக்கு அபூர்வமாக இருக்கிறதே என்ற வருத்தமும் சேர்ந்தே வருகிறது. மில்களிலும் பட்டறைகளிலும் பூஜைக்கு முன்னால் போனஸ் கைக்கு வருவது போராடிப் பெற்ற பழக்கம். துணி எடுக்கிற காசு அது. அதைத் தொழிலாளி எதிர்பார்ப்பார், முதலாளி கொடுக்கத் தவறினால் முகம் கொடுக்க மாட்டார்.

அதைவிடக் கசப்பான கணக்கு ஜாப் ஆர்டர் பட்டறைகளில் இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வாடகைக் கட்டடம். பெரிய கம்பெனிக்கு ஷாஃப்டோ புஷ்ஷோ கடைந்து கொடுப்பார்கள். பொருள் போய்விடும், பில் போய்விடும், பணம் வராது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. ஆயுத பூஜையன்று பெரிய கம்பெனியின் வாசலில் பூசணிக்காய் உடைகிற நேரத்தில், அதன் மெஷினுக்குள் சுற்றுகிற ஷாஃப்ட்டைக் கடைந்தவர் மூன்று மாதப் பாக்கிக்காகப் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஷாஃப்டுக்கும் சேர்த்துத்தானே அங்கே கற்பூரம் காட்டினார்கள்?

விஜயதசமி காலை. பூஜையில் வைத்ததை எடுத்து அன்று ஒரு வேலையாவது செய்துவிட வேண்டும் என்பது வழக்கம். எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி. பட்டறைக்காரர் ஷட்டரை ஏற்றுகிறார். பலகையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் மாட்டுகிறார். வெர்னியர், ஆலன் கீ, புது சி.என்.சி. மெஷினுக்கான புரோகிராம் இருக்கிற பென்டிரைவ். பொரிக்கு நடுவில் இரவு முழுக்கக் கிடந்ததால் பென்டிரைவின் வாயில் ஒரு உமி ஒட்டியிருக்கிறது, ஊதிவிடுகிறார். பழைய லேத்தின் டயலைச் சுற்றிப் பார்த்தால், அளவுக் கோடுகள் மேலேயே யாரோ நேற்றுச் சந்தனம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கோடு தெரியவில்லை. பனியன் வேஸ்டில் ஒரு துண்டு கிழித்து, டயலில் மட்டும் துடைக்கிறார். மற்ற இடத்துச் சந்தனம் அப்படியே இருக்கிறது. சக்கில் ஒரு கம்பியைப் பூட்டி, மெயினைப் போடுகிறார்.